வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 29. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். திருமணமாகி மூன்று ஆண்டுகளாக மும்பை செம்பூரில் கணவர், மாமியாருடன் வசிக்கிறேன். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒன்பது நாட்களுக்கு முன்பு, 31 வாரம் முடிந்திருந்த நிலையில், எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 1,280 கிராம்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு இங்கேயே நடந்தது. எட்டாம் மாதத்தில் அனுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அம்மா வீட்டுக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அதற்குள் கால் வீங்கத் தொடங்கியது. லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போய்வருவதால் வீங்குகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு திங்கட்கிழமை மாலை வீடு திரும்பும்போது தாங்க முடியாத தலைவலி. கண் முன்னால் பூச்சி பறப்பது போல இருந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 170/110. உடனே சேர்த்துக்கொண்டு, குழந்தையின் நுரையீரலுக்காக என்று சொல்லி ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் இரவு சிசேரியன் செய்தார்கள். குழந்தை அழுததா, அந்தச் சத்தத்தை நான் கேட்டேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வுக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் இருந்த மாவ்ஷி (ஆயாம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வளையலைக் கழற்றச் சொன்னார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம். அவை வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள். பிரசவம் பார்த்தவருக்குக் கொடுக்க வேண்டும், அதுவரை கழற்றாதே என்று அம்மா சொல்லியிருந்தார். அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

மூக்கில் குழாய், வாயில் இன்னொரு குழாய், நெஞ்சில் ஒட்டிய வயர்கள். காலில் கட்டியிருந்த பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தார்கள். அந்தப் பட்டை தளர்ந்து முழங்கால் வரை ஏறி நின்றது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. யாருடைய குழந்தையையோ பார்ப்பது போல நின்றேன். "தொட்டுப் பாருங்கள்" என்று சிஸ்டர் சொன்னதால் விரல் நுனியால் கையைத் தடவினேன். குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது; மானிட்டர் அலறத் தொடங்கியது. அதன்பிறகு நான் தொடவே இல்லை.

ஆறாம் நாள் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பில் பால் எடுத்துக் கணவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முதல் இரண்டு நாட்கள் எனக்குப் பால் வரவில்லை. தாய்ப்பால் வங்கிப் பாலைக் கொடுக்கச் சம்மதம் கேட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதைக்கூட நான் கொடுக்கவில்லையே என்று இருக்கிறது. எடை 1,190 வரை இறங்கி, நேற்று 1,215 ஆகியிருக்கிறது. அத்தை நல்லவர்தான், பத்தியச் சாப்பாடு செய்து தருகிறார். ஆனால், "ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்கள், ரயிலில் இடிபட்டுப் போகாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்" என்று அவர் ஊருக்குப் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று கணவர் தினமும் கேட்கிறார். பெயர் வைத்துவிட்டு, பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? தினமும் மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரத்தில் ஏதாவது காரணம் சொல்லி அரை மணி நேரம் தாமதம் செய்கிறேன். பெற்ற பிள்ளையிடம் பாசம் வராதவள் தாயா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, செம்பூர், மும்பை.

அன்புச் சகோதரிக்கு,

குழந்தையைப் பார்த்தபோது எதுவும் தோன்றவில்லை என்று எழுதிய அதே கடிதத்தில், அறுவை செய்த வயிற்றோடு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நேற்றைய எடையைக் கிராம் கணக்கில் நினைவு வைத்திருக்கிறீர்கள். முதலில் சொன்னதை மட்டும் உங்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இது சரியான கணக்கு இல்லை என்று புரியும்.

குறைமாதக் குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும் தாய்மார்கள் பலர் நீங்கள் சொன்னதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்; அதுவும் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்ற பயத்தோடுதான் சொல்வார்கள். இரண்டே நாட்களில் உங்கள் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து வந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, எதற்கும் மனம் தயாராவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. இழப்பு வந்துவிடுமோ என்று அஞ்சும் மனம், பாசத்தைக் கொஞ்ச காலம் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்கும். பெயர் வைக்கத் தயங்குவதும், கிளம்பும் நேரத்தில் அரை மணி நேரம் தாமதிப்பதும் இந்தக் காவலின் வேலைதான். பாசம் இல்லாத இடத்தில் இத்தனை பயம் இருக்காது, அம்மா.

அடுத்து, ரயில். இதில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, தலைவலியும் கண்ணில் பூச்சி பறப்பதுமாக வரும் இந்த நோய், நஞ்சுக்கொடி கருப்பையில் பதியும் ஆரம்ப மாதங்களிலேயே அங்குள்ள இரத்தக் குழாய்கள் சரியாக விரிவடையாமல் போவதில் தொடங்குகிறது. நீங்கள் கர்ப்பம் என்று அலுவலகத்தில் யாருக்கும் சொல்லியிராத நாட்களில் தொடங்கிய கோளாறு அது. தலைப்பிரசவத்தில் இது வரும் வாய்ப்பு கூடுதல். மகளிர் பெட்டியில் நின்றதாலோ, படியேறியதாலோ, மாலையில் இடிபட்டு இறங்கியதாலோ இது வருவதில்லை. வீக்கத்தைச் சாதாரணமாக எண்ணியதைப் பற்றியும் நீங்கள் உறுத்தலோடு எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பிணிகள் பெரும்பாலோருக்குக் கால் வீங்கத்தான் செய்யும், அதை வைத்து நோயைத் தனியே பிரித்தறிவது எளிதில்லை. தலைவலி வந்த அன்றே நீங்கள் போனீர்கள், அதனால்தான் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் அந்த ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே போட அவகாசம் கிடைத்தது. குழந்தை மூச்சுவிடுவதில் அந்த இரண்டு நாட்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எட்டாம் மாதத்துப் பிள்ளையைப் பற்றிய பேச்சு நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. இரண்டும் தவறு. தாயின் வயிற்றில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் குடலுக்கும் பலம் சேர்க்கிறது. எட்டாம் மாதம் பிறந்த குழந்தை, ஏழாம் மாதம் பிறந்ததைவிட முதிர்ந்த குழந்தைதான். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் 31 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்து வளர்கின்றன. உங்கள் குழந்தையைப் பற்றி உறுதியாகச் சொல்லும் தகுதி அவளைத் தினமும் பார்க்கும் மருத்துவருக்குத்தான் உண்டு. ஆகவே நாளொன்றுக்கு ஒரு கேள்வியையாவது எழுதிக்கொண்டு போய் அவரிடமே கேளுங்கள். எடை குறைந்ததைப் பற்றிக் கேட்டால், பிறந்த முதல் வாரத்தில் உடலில் உள்ள கூடுதல் நீர் வெளியேறுவதால் குறைமாதக் குழந்தைகளின் எடை பத்து சதவீதம் வரைகூட இறங்கும், பிறந்த எடையை மறுபடி எட்ட இரண்டு வாரம் ஆகலாம் என்று அவரும் சொல்லக்கூடும்.

அந்த மானிட்டரின் அலறலிடம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் கை அங்கேதான் நின்றுவிட்டது. முப்பத்தொரு வாரக் குழந்தையின் தோலும் நரம்புகளும் மெல்லிய தடவலைத் தாங்கும் பக்குவத்தில் இல்லை. விரல் நுனியால் வருடினால் அது திடுக்கிடும். அவள் உங்களை மறுத்தாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, தொடும் விதம்தான் வேறு. அடுத்த முறை போகும்போது கையைக் கழுவித் துடைத்து, சூடேற உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, ஓர் உள்ளங்கையை அவள் தலையைக் கவித்தாற்போலவும் இன்னொன்றை மடங்கிய கால்களை அணைத்தாற்போலவும் அசைக்காமல் வையுங்கள். வயிற்றுக்குள் இருந்தபோது நாலாபுறமும் கிடைத்த அணைப்புக்கு அதுவே மிக நெருக்கமானது. சில நிமிடங்களில் அவளுடைய விரல்கள் தளர்வதைக் காண்பீர்கள். இயந்திரம் அப்போதும் கத்தக்கூடும். ஒட்டிய வயர் கொஞ்சம் நகர்ந்தாலும் அது கத்தும். கவனிக்க வேண்டிய சத்தம் எது, வேண்டாதது எது என்று சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த படி, அவளை உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடத்திக்கொள்வது. கங்காரு பராமரிப்பு என்று சொல்வார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், குறைமாதக் குழந்தைகளை வைக்க இன்குபேட்டர் போதாமல் இருந்த மருத்துவமனை ஒன்றில் 1970-களின் இறுதியில் தொடங்கியது இது. இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் பங்கேற்ற, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் இருந்தது. ஒரு கிலோவுக்கு மேல் 1,800 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தபோது, முதல் 28 நாட்களில் ஏற்படும் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. உங்கள் மகளின் எடை இந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. மூக்கில் குழாய் இருக்கும்போதே இதைச் செய்யும் மருத்துவமனைகள் உண்டு, ஆகவே "எப்போது தொடங்கலாம்?" என்பதே நீங்கள் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும். போகும்போது முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாசம் பொங்கி வந்த பிறகுதான் அணைக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அணைத்து அணைத்தே பாசம் ஊறிய தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வங்கிப் பாலைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இவ்வளவு சீக்கிரம் பிரசவமாகி, தாயும் உடல்நலமில்லாமல் இருக்கும்போது பால் சுரக்கத் தாமதமாவது வழக்கம். அந்த நாட்களில் பவுடர் பாலைவிட இன்னொரு தாயின் பால் குழந்தையின் முதிராத குடலுக்குப் பாதுகாப்பானது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியது, உங்கள் செம்பூருக்குப் பக்கத்திலேயே உள்ள சயான் மருத்துவமனையில்தான். அன்றிலிருந்து இந்த நகரத்துப் பெண்கள் முகம் தெரியாத குழந்தைகளுக்குப் பால் கொடுத்து வருகிறார்கள். இப்போது நீங்கள் அனுப்பும் பால், குறைமாதத்தில் பெற்ற தாயிடம் மட்டுமே சுரப்பது. நிறைமாதத் தாயின் பாலைவிட அதில் புரதம் அதிகம்.

அத்தையோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். போனில் அவர் பேசியதில் பழி இருந்தது, அது உங்களைக் காயப்படுத்தியது. ஆனால் அதில் பயமும் இருந்தது. ரயிலைப் பற்றி நான் எழுதிய பகுதியை உங்கள் கணவர் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அதை நீங்கள் செய்ய வேண்டாம். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சையும் ஒருங்கிணைக்கும் திறன் குழந்தைக்குச் சுமார் 34 வாரத்தில்தான் வரும். அதற்கு முன்பே சங்கிலோ பாலாடையிலோ பால் புகட்டும் நாள் வரும்போது, அத்தையின் கை உங்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும். சங்கில் பால் புகட்டத் தெரிந்த தலைமுறை அவர்களுடையது.

பெயரைப் பற்றி அவசரப்பட வேண்டாம் என்றே உங்கள் கணவரிடமும் சொல்வேன். ஆனால் அவர் தினமும் கேட்பதை நச்சரிப்பாக எண்ணாதீர்கள். பாலைச் சுமந்துகொண்டு தனியாகப் போய்வரும் அவருக்கு மகளைப் பற்றிப் பேச வேறு ஆள் இல்லை. இப்போதைக்கு வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர் போதும், அதை அவரே வைக்கட்டும். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இனி உங்கள் உடம்பு. இத்தனை பக்கக் கடிதத்தில் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை அது மறுபடி ஏறக்கூடும். தலைவலியோ, பார்வை மங்கலோ, மேல் வயிற்றில் வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனத்தைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரம் கண்ணீரும் வெறுமையும் மாறி மாறி வருவது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தாலோ, பால் எடுக்காத நேரத்திலும் தூக்கம் வராமல் கிடந்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அது சிகிச்சையால் தீரும் மனச்சோர்வாக இருக்கலாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் என்று நாள் எண்ண வேண்டாம், அன்றே கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

நாளை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, குழந்தையைப் பார்க்கும் முன்போ பின்போ, உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். மகளின் எடையையும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்