கை கோத்த ‘வேர்’: வாங்கலாமா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். அண்ணன் மகனுக்கு 34 வயதாகிறது, வரன் தட்டிக்கொண்டே போகிறது. பழைய தில்லியில் ஒரு பூஜைப் பொருள் கடையில் ‘ஹத்தா ஜோடி’ என்று ஒரு வேரைக் காட்டினார்கள். இரண்டு கைகள் கோத்துக்கொண்ட மாதிரியே இருக்கிறது, மடக்கிய விரல்கூடத் தெரிகிறது. வெள்ளி டப்பாவில் சிந்தூரத்தோடு வைத்தால் ஆறு மாதத்தில் கல்யாணம் கூடுமாம். விலை 3,500 ரூபாய், 500 முன்பணம் கொடுத்திருக்கிறேன். “செடியில் மனுஷ உருவம் வருமா?” என்று கேட்டதற்கு, மரத்தில் பெண்கள் காய்த்துத் தொங்கும் படத்தைச் செல்போனில் காட்டி, இமயமலையில் 20 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நாரிலதா என்றார் கடைக்காரர். என் மாமியார் வேறொரு கடையில் வாங்கிய ஹத்தா ஜோடி ஒன்று ஏற்கெனவே எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. இதெல்லாம் நிஜமா? வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கொடுத்த 500 ரூபாய் போனால் போகட்டும், மீதியைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்த்தது வேரே இல்லை. ஆண் உடும்பைக் கொன்று, அதன் இனப்பெருக்க உறுப்பை வெட்டி உலர்த்தி, வேர் என்று சொல்லி விற்கிறார்கள்.

பூஜை அறையோடு சேர்த்து இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றி வளைத்துச் சொன்னால் புரியாது. பல்லி, ஓணான், உடும்பு, பாம்பு ஆகியவற்றில் ஆணுக்கு இந்த உறுப்பு இரட்டையாக இருக்கும், வாலின் அடிப்பகுதிக்குள் மடங்கிக் கிடக்கும். அதை வெளியே எடுத்துக் காயவைத்தால் தண்டு சுருங்கி முன்கை போல ஆகிவிடும், நுனியில் உள்ள மடிப்புகள் மூடிய விரல்கள் போலத் தெரியும். நீங்கள் கண்ட ‘மடக்கிய விரல்’ அதுதான். நாடு முழுவதும் காணப்படும் வங்க உடும்பும், வடக்கே ஆற்றுச் சமவெளிகளில் வாழும் மஞ்சள் உடும்பும் இதற்காகக் கொல்லப்படுகின்றன. இந்த வியாபாரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது 2017-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது இணையக் கடைகளிலேயே ‘அபூர்வ மூலிகை வேர்’ என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆய்வகச் சோதனையில்தான் உடும்பு என்பது உறுதியானது. பிளாஸ்டிக்கில் வார்த்த போலிகளும் உலவுகின்றன.

இந்த இரண்டு உடும்புகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விற்பவர் மட்டும் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள், வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத்தண்டனை. அபராதம், 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பூஜைக்காக வைத்திருந்தோம் என்பதற்கு விலக்கு கிடையாது.

இது அசல்தான் என்று காட்ட, எண்ணெயில் போட்டு, ‘பாருங்கள், எண்ணெயைக் குடிக்கிறது’ என்பார்கள். உலர்ந்த தசையும் எண்ணெயைக் குடிக்கும், உலர்ந்த வேரும் குடிக்கும். அதில் எதுவும் நிரூபணமாகாது. மார்ட்டினியா என்ற செடியின் வேர் என்று தாவரப் பெயரோடும் சொல்வார்கள். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து நம் தரிசு நிலங்களில் களையாகப் பரவிய செடி அது. அதன் காயின் நுனியில் இரண்டு கூர்மையான கொக்கிகள் உண்டு, ஆடு மாடுகளின் மேல் மாட்டிக்கொண்டு விதை பரவுவதற்காக. வேரில் கையும் கிடையாது, விரலும் கிடையாது.

உங்கள் சந்தேகம், செடியில் மனித உருவம் வருமா என்பது, நியாயமான கேள்வி. ஒரு சாயல் வரும். ஆணிவேர் கீழே இறங்கும்போது கல் தடுத்தாலோ, நுனி அடிபட்டாலோ இரண்டாகப் பிரியும். கால் முளைத்த கேரட்டை நீங்களே சந்தையில் பார்த்திருப்பீர்கள். மனிதக் கண்ணுக்கு எதிலும் முகமும் கைகாலும் தேடும் பழக்கம் உண்டு, மீதியை அது நிரப்பிக்கொள்ளும். நிஜமாகவே கை போன்ற கிழங்கும் இருக்கிறது. காரி பாவ்லி மூலிகைக் கடைகளில் ‘சாலம் பஞ்சா’ என்று கேட்டால் தெரியும், இமயமலையில் விளையும் ஓர் ஆர்க்கிட்டின் கிழங்கு, மூன்று முதல் ஐந்து விரல் விரித்த உள்ளங்கை போல இருக்கும். தோண்டித் தோண்டி அதையும் அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘இதுவாவது செடிதானே’ என்று அதை வாங்கப் போய்விடாதீர்கள்.

மனித உருவ வேரை வைத்து நடக்கும் வியாபாரம் இன்று நேற்று வந்ததில்லை. மத்தியதரைக் கடல் ஓரம் மாண்ட்ரேக் என்றொரு செடி, நம் ஊமத்தை, கத்தரியின் குடும்பம். வேர் கவட்டையாகப் பிரிந்து மனிதன் நிற்பது போலிருக்கும். பிடுங்கும்போது அது அலறும், கேட்டவர் செத்துவிடுவார், அதனால் நாயைக் கட்டி இழுக்க வைக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நம்பினார்கள். தமிழ் விவிலியத்தின் ஆதியாகமத்தில் ராகேலும் லேயாளும் பிள்ளை வரம் தொடர்பாகப் பேரம் பேசும் ‘தூதாயீம் கனிகள்’ இந்தச் செடியுடையவை என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். அட்ரோபின், ஸ்கோபலமின் போன்ற நச்சுகள் அதில் உண்டு. தின்றவருக்கு மயக்கமும் மாயக்காட்சியும் வரும், கதை வளர அது போதும். பிள்ளையில்லாதவர்கள் அந்த வேரைத் தேடிப் போனார்கள். கிராக்கி ஏறியதும் வியாபாரிகள் பிரயோனி என்ற மலிவான கொடியின் கிழங்கை மனிதனாகச் செதுக்கி, தலைமுடி வேண்டிய இடத்தில் தானிய விதைகளைப் பதித்து மறுபடி மண்ணில் புதைத்தார்கள். விதை முளைத்து முடி போலாகும். 16-ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் டர்னர் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் இதை மோசடி என்று எழுதிவிட்டார். உங்களிடம் கடைக்காரர் செய்வது அதே வேலைதான். ஆனால் அங்கே ஒரு கிழங்கைத்தான் செதுக்கினார்கள், இங்கே ஓர் உயிர் போகிறது.

செல்போனில் காட்டிய படத்துக்கு வருகிறேன். அப்படி ஒரு பூவோ காயோ தாவரவியலில் இல்லை. கதை தாய்லாந்துடையது. புத்தரின் முற்பிறவியாகச் சொல்லப்படும் வெஸ்ஸந்தர இளவரசர் மனைவி மக்களோடு ஹிம்மபான் என்ற புராணக் காட்டில் தவமிருந்தபோது, பழம் பறிக்கப் போகும் அவர் மனைவியிடம் காட்டில் இருந்தவர்கள் தவறாக நடக்காதபடி, இந்திரன் நாரிபோன் மரங்களைப் படைத்தாராம். பெண் உருவில் பழம் காய்த்து அவர்கள் மனத்தைத் திசைதிருப்பும், ஏழு நாளில் வாடிவிடும். ஒரு பெண்ணைக் காக்கப் பிறந்த கதையை ‘20 வருடத்துக்கு ஒருமுறை’ என்று ஜோடித்து வியாபாரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். காய்க்கு மனித உருவம் கொடுப்பது கடினமே இல்லை. சீனாவில் பிஞ்சிலேயே பேரிக்காயை அச்சுக்குள் வளர்த்து, புத்தர் வடிவில் பறித்து விற்றிருக்கிறார்கள். படத்தில் செய்வது அதைவிட எளிது.

நம்மிடமும் இப்படிப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில்தான் நம்பிராஜன் வள்ளியைக் கண்டெடுத்தான். பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் அவதரித்தார் என்பது வைணவ மரபு. நற்றிணையின் 172-ஆம் பாட்டில், தான் விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துப் புன்னையாக நிற்க, ‘அது உன் தங்கை’ என்று தாய் சொன்னதாகச் சொல்லி, அதன் நிழலில் காதலனோடு பேசவே ஒரு பெண் கூசுகிறாள். எனக்கு இவை மிகவும் பிடித்தவை. இவற்றில் எந்தக் கதையும் ஒரு வேரைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் வள்ளி மணாளனிடம் பையனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. அதற்கும் உடும்புக்கும் சம்பந்தமில்லை.

இனி அலமாரியில் இருப்பது. அதை எரிக்காதீர்கள், யமுனையில் போடாதீர்கள், தெரிந்தவருக்குக் கொடுக்காதீர்கள், கடைக்காரரிடம் திருப்பவும் வேண்டாம், அவர் இன்னொருவருக்கு விற்பார். படத்தைக் குடும்பக் குழுவில் போட வேண்டாம். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். எங்கே, எப்போது, என்ன சொல்லி விற்றார்கள் என்பதை மாமியார் நினைவிலிருந்து எழுதிக்கொண்டு, தலைமை வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் வழக்கறிஞர் மூலமாக எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள். வேர் என்று நம்பி ஏமாந்து வாங்கியதைத் தானாக முன்வந்து சொல்வது, யாரோ கண்டுபிடித்து வருவதைவிட நல்லது. ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். முன்பணம் கொடுத்த கடையின் பெயரையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

மாமியாரிடம் மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் வாங்கியிருப்பார். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம்.