கால்குலேட்டர் ஏன் ஓடவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஸ்ட் நிரல்மொழியில் ஒரு கட்டளைவரி கால்குலேட்டரை வெப்அசெம்பிளி (பல மொழிகளிலிருந்தும் கம்பைல் செய்யக்கூடிய நிரல் வடிவம்) காம்போனென்டுகளாக, அதாவது ஒன்றோடொன்று செருகக்கூடிய பகுதிகளாக எழுதினேன். கூட்டுவதற்கு ஒன்று, எந்தக் கணக்கு என்று பார்த்து அனுப்ப ‘கணிப்பு’ என ஒன்று, கட்டளையை வாங்க ஒன்று என மூன்றாகப் பிரித்தேன். மூன்றும் பிழையின்றி கம்பைல் ஆகின்றன. கட்டளைப் பகுதியை, வெப்அசெம்பிளியை ஓட்டும் வாஸ்ம்டைம் நிரலில் ஓட்டினால் மட்டும் இறக்குமதி (வெளியிலிருந்து வர வேண்டிய பகுதி) கிடைக்கவில்லை என்கிறது. பகுதிகள் எவற்றைப் பரிமாறிக்கொள்ளும் என்று எழுதும் விட் கோப்பில் எண்களை யு32 (எதிர்ம எண் இல்லாத 32 பிட் முழு எண்) என்று வைத்திருக்கிறேன். அடுத்துக் கழித்தலும் வகுத்தலும் சேர்க்க வேண்டும். இவ்வளவு சிறிய நிரலுக்கு இத்தனை பிரிவு தேவைதானா?

க.

அன்புள்ள க.,

உங்கள் நிரலில் பிழையில்லை, ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கணக்கிடும் இடைமுகத்தை வேறொருவர் தர வேண்டும் என்று கட்டளை காம்போனென்ட் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. வாஸ்ம்டைமோ திரை, கட்டளைவரிச் சொற்கள் போன்ற, வாஸி எனும் பொது இடைமுகத் தொகுப்பின் வசதிகளை மட்டுமே தானாகத் தரும். எனவே காம்போனென்டுகளை இணைக்கும் வேக் கருவியின் பிளக் கட்டளையால் கூட்டல் காம்போனென்டை முதலில் கணிப்பு காம்போனென்டில் செருகி, அதில் கிடைப்பதைக் கட்டளை காம்போனென்டில் செருகுங்கள். இறுதியில் வரும் ஒற்றைக் கோப்பு ஓடும்.

கால்குலேட்டர் மட்டுமே நோக்கமென்றால் மூன்று பிரிவு அதிகம்தான். ஆனால் வெறும் வெப்அசெம்பிளி மாட்யூல்கள் அடிப்படையில் எண்களைத்தான் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு சரத்தை அனுப்பக்கூட நினைவகத்தில் அதன் முகவரியையும் நீளத்தையும் கொடுத்து, இரு பக்கமும் தாமே ஒரு வழக்கத்தைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காம்போனென்ட் மாதிரியில் அந்தப் பேச்சு விட் கோப்பில் எழுத்தாகிவிடுகிறது, ஒருவர் நினைவகத்தை மற்றவர் தொடுவதுமில்லை. நாளை கூட்டல் பகுதியை பைத்தானில் எழுதிச் செருகினாலும் உங்கள் ரஸ்ட் வரிகளில் ஒன்றும் மாறாது.

அப்படியிருக்க, விட் கோப்பு எனும் ஒப்பந்தத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். யு32 பற்றித்தான் எனக்குக் கவலை. கழித்தலைச் சேர்த்து 5-லிருந்து 7-ஐக் கழித்துப் பாருங்கள்: சோதனைக்கான டீபக் பில்டில் நிரல் பேனிக் ஆகி (பிழை சொல்லி) நின்றுவிடும், வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டில் 4294967294 என்று ஒரு விடை வரும். நிற்பதையாவது கவனிப்போம், தவறான விடையைப் பயனர் நம்பிவிடுவார். எதிர்ம எண்ணையும் ஏற்கும் எஸ்32-க்கு மாறுங்கள், விடையின் வகையை ரிசல்ட் (விடை அல்லது பிழை) ஆக்குங்கள், வகுக்கும் எண் சுழி, எல்லை மீறல் ஆகிய இரண்டையும் பிழை வகைகளாக விட் கோப்பிலேயே எழுதுங்கள். வகுத்தலுக்கு, வகுக்க முடியாதபோது விடையின்றித் திரும்பும் ரஸ்டின் செக்டு டிவ் உதவும். சுழியை மட்டுமல்லாமல், எளிதில் கண்ணில் படாத எல்லை மீறலான, -2147483648-ஐ -1-ஆல் வகுக்கும் கணக்கையும் அது பிடித்துவிடும். இவற்றை மாற்றியபின் மூன்றையும் மீண்டும் கம்பைல் செய்யுங்கள். வகை பொருந்தாத பழைய கோப்பை வேக் செருகாது.