பழைய தண்டர்பேர்டில் பிஏவி, கேட்கான், கரிப்பெட்டி: கழற்றலாமா? கேள்வி பதில்

யூசிஇ என்ஜின் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறையில் இருப்பது) வந்த ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட், கிளாசிக், எலக்ட்ரா வண்டிகளைப் பல வருடமாகப் பிரித்துப் பூட்டி வருகிறேன். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பிஏவி (புகைக்குள் காற்று விடும் பல்ஸ் ஏர் வால்வு), கேட்கான் (சைலன்சர் பாதையில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்), கரிப்பெட்டி (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பா) ஆகிய புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைப் பற்றித்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வருவதற்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி, தண்டர்பேர்ட் 350, 2013): அண்ணே, ஏற்காட்டில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. பிஏவி வால்வைக் கழற்றித் தகடு வைத்து அடைத்தால் நிற்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: தம்பி, வெடிப்பு அடங்கக்கூடும். ஆனால் கோளாறு அங்கேயே இருக்கும்.

பிஏவி என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். புகை வெளியேறும் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் எக்ஸாஸ்ட் போர்ட்டில் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்) அழுத்தம் ஒரு கணம் குறையும். அந்த நேரத்தில் ரீட் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய இதழ்) வழியாகக் கொஞ்சம் சுத்தமான காற்று உள்ளே போகும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அந்தக் காற்றில் எரிந்துவிடும். இதெல்லாம் சிலிண்டரை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பது. அதனால் பிஏவி உங்கள் பவரில் கை வைப்பதே இல்லை.

ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வரும்போது மானிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) வேக்குவம் ஏறும். அந்த வேக்குவம் ஒரு சின்ன ஹோஸ் வழியாக வந்து பிஏவியை மூட வேண்டும். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தாலோ ஹோஸ் வெடித்திருந்தாலோ மூடாது. காற்று போய்க்கொண்டே இருக்கும், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் வெடிக்கும். பெண்ட் பைப் (என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) கேஸ்கட் கசிந்தாலும் இதே சத்தம்தான், பைலட் ஜெட் (கார்புரேட்டரில் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்து மிக்ஸர் லீனாகிவிட்டாலும், அதாவது கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினாலும் இதேதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை ஐடிலில் விட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து பிஏவிக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அதன் வாயில் விரலை வையுங்கள். துக் துக் என்று விரலை மெல்ல இழுக்க வேண்டும். இழுக்காமல் சூடான புகை எதிரே ஊதினால் ரீட் வால்வு போய்விட்டது. ஹோஸின் உள்பக்கம் கரி படிந்திருந்தாலும் அதுதான் காரணம். அப்புறம் என்ஜினை நிறுத்திவிட்டு, வேக்குவம் ஹோஸின் மானிஃபோல்டு முனையைக் கழற்றித் துடைத்து வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். பிடித்து நின்றால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. காற்று தாராளமாக வந்தால் கிழிந்திருக்கிறது.

கேஸ்கட், ஹோஸ், டயாஃப்ரம், பைலட் ஜெட். இந்த வரிசையில் பாருங்கள். தகடு வெட்டும் வேலையே வராது.

கேள்வி (மதுரை, கிளாசிக் 350): பிஏவியை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். அதிலிருந்து ஐடிலிங் சீராக நிற்கவில்லை, என்ஜின் அதிகம் சூடாகிறது.

பதில்: மானிஃபோல்டிலிருந்து பிஏவிக்கு வந்த சின்ன ஹோஸ் இப்போது எங்கே இருக்கிறது? திறந்தபடி தொங்கினால் அது வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மிக்ஸர் லீனாகி என்ஜின் கொதிக்கும். இன்றைக்கே அந்த முனைக்கு மூடி போடுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: எதைக் கழற்றினாலும் வேக்குவம் ஹோஸைத் திறந்து விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): பிஏவியை எடுத்தால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. எரிந்து முடிந்து வெளியே வந்த புகையில் மைலேஜ் ஏது?

கேள்வி (வேலூர், கிளாசிக் 350, 2018): டேங்கிலிருந்து போகும் ஹோஸ் ஒரு கறுப்பு டப்பாவில் சேருகிறது. அதை எடுத்துவிட்டு ஹோஸை போல்ட் வைத்து அடைத்தேன். இப்போது முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் பெட்ரோல் தீர்ந்ததுபோல இருமி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது.

பதில்: அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

அந்த டப்பா கரிப்பெட்டி, பிஎஸ்4 வண்டிகளில் வந்தது. வெயிலில் டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியைக் கரியில் பிடித்து வைத்து, வண்டி ஓடும்போது என்ஜினுக்கே திருப்பிக் கொடுக்கும். டேங்க் மூச்சு விடும் வழியும் அந்த ஹோஸ்தான். அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வேக்குவம் சேர்ந்து, கார்புரேட்டருக்கு இறங்க மறுக்கிறது. வேகமாகப் போகும்போது, லாரியை ஓவர்டேக் செய்கிற இடத்தில் இப்படி நின்றால் உயிருக்கே ஆபத்து. பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள்.

கரிப்பெட்டி இருக்கிற வண்டியில் டேங்கை விளிம்பு வரை தளும்ப நிரப்பாதீர்கள். கரி பெட்ரோலில் ஊறிவிட்டால் ஸ்டார்ட்டிங் தகராறு வரும், பழி பெட்டி மேல் விழும்.

கேள்வி (கோவை, தண்டர்பேர்ட் 500): நீங்கள் சொல்வதெல்லாம் கம்பெனிக்காரர் பேச்சு, சார். நான் கேட்கானை வெட்டி எடுத்தேன். வண்டி பறக்கிறது. பேக் பிரஷர் இருந்தால்தானே என்ஜின் திணறும்?

பதில்: ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தீர்களா? ஒரே சாலை, ஒரே கியர், 60லிருந்து 80க்குப் போக எத்தனை விநாடி என்று இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். நானே ஒரு 350இல் பார்த்தேன். சத்தம் கூடியது, நேரம் மாறவே இல்லை. காது ஏமாற்றும், தம்பி.

கேட்கான் தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள் கொண்டது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். நல்ல கேட்கான் 27 குதிரைசக்தி என்ஜினை அமுக்கிவிடாது. உருகிப்போனது அமுக்கும். பிளக் மிஸ்ஸாகி எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் அந்தத் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். உங்களுடையது அப்படி அடைத்திருந்தால் வெட்டியதும் பறந்திருக்கும்தான். ஆனால் அதை உருக்கிய பிளக்கையோ காயிலையோ மாற்றினீர்களா?

அவரே மீண்டும்: அப்போ பேக் பிரஷர் பொய்யா?

திண்டுக்கல்லிலிருந்து இன்னொருவர்: பேக் பிரஷர் இல்லாவிட்டால் டார்க் போய்விடும். எந்தப் பழைய புல்லட் மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. எந்த என்ஜினும் பேக் பிரஷரைக் கேட்பதில்லை. புகை ஒரே ஓட்டமாகப் போவதும் இல்லை, அலை அலையாகப் போகிறது. குழாயின் நீளமும் அகலமும் சரியாக இருந்தால் திரும்பி வரும் அலை சரியான நேரத்தில் வந்து அடுத்த புகையை இழுத்துக்கொண்டு போகும். இந்தூரி, ஷார்ட் பாட்டில் மாதிரி வெளிக்கடைச் சைலன்சர் மாட்டும்போது அந்த நேரம் கலைகிறது, ஜெட் மாற்றாவிட்டால் மிக்ஸரும் லீனாகிறது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போனதற்கு இந்த இரண்டும்தான் காரணம். ‘பிரஷர் போச்சு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கோவைக்காரர் மீண்டும்: லடாக் போகிறவர்கள் எல்லாரும் எடுக்கிறார்களே?

பதில்: கார்துங் லா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எதைக் கழற்றினாலும் இல்லாத காற்று வந்துவிடாது. கார்புரேட்டர் வண்டியில் மிக்ஸர் ரிச்சாகும் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும்), அதற்கு ஜெட்டிங் பாருங்கள், ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். உங்கள் 500 எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்), பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். லாம்ப்டா சென்சரை (புகையில் ஆக்சிஜனை அளப்பது) மட்டும் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் மீட்டரில் லைட் எரியும்.

ஒன்று கேட்கிறேன். குழுவாகப் போகும்போது கேட்கான் இல்லாத வண்டிக்குப் பின்னால் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரம் ஏறியிருக்கிறீர்களா? கண் எரியும், தலை வலிக்கும். பின்னால் வருகிறவர் உங்கள் நண்பர்தானே.

கேள்வி (ஓசூர்): கேட்கானை எடுத்தால் மைலேஜ்...

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சென்னை): கேட்கான் இல்லாமலேயே பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். அப்புறம் என்ன பிரச்சினை?

பதில்: 2000க்குப் பிறகு வந்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு அங்கே வரம்பு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம். அதுவும் ஐடிலில் மட்டும். நன்றாக டியூன் செய்த என்ஜின் தாண்டிவிடும். அதனால் மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை, சத்த விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்ஸும் 3 மாதம் போகும்.

கேள்வி (நாகர்கோவில்): பிரீதர் ஹோஸை (என்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் ஹோஸ்) கழற்றிக் கீழே தொங்கவிடலாமா?

பதில்: கூடாது. ஆயில் ஆவி பின் டயரில் படியும். மழையில் வளைவில் படுத்துவிடுவீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர், மீட்டியார்): பிஎஸ்6இல் என்ன செய்யலாம்?

பதில்: சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதில் கை வைக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஈரோடு): பிஏவி எடுத்தால் வெடிப்பு நிற்குமா, பவர் கூடுமா, மைலேஜ்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், முழுதாக.

கேள்வி (மதுரைக்காரர் மீண்டும்): ஹோஸுக்கு மூடி போட்டேன் அண்ணே, ஐடிலிங் சரியாகிவிட்டது. கழற்றிய பிஏவி பரணில் கிடக்கிறது. திரும்ப மாட்டினால் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். ரீட்டில் இருக்கும் கரியைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதழ் ஒட்டி உட்கார்ந்திருந்தால் போதும். கேஸ்கட் புதிது போடுங்கள். ஹோஸை இரண்டாக மடக்கிப் பாருங்கள், வெடிப்புக் கோடு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஹோஸைக் கையில் கொண்டுபோங்கள், உள் அளவு பார்த்து வாங்கலாம்.