அந்தப் பிள்ளையின் கையில் ஏன் உங்கள் போன்?

கேள்வி: 9 ஆண்டுகளாகப் பெண்ணுரிமை பற்றி எழுதியும் பேசியும் வருகிறேன். ஒரு பதிவு போட்டால் பாராட்டு பத்து வந்தால் வசவு நூறு வருகிறது. என் உடம்பு, என் நடத்தை என்று தொடங்கிக் கொலை மிரட்டல் வரை போய்விட்டது. என்னைப் பார்த்தாலே உறவினர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். உதவி கேட்டு எழுதும் பெண்களுக்கு ராத்திரி 2 மணி வரை பதில் சொல்கிறேன், ஒரு நாள் சொல்லாவிட்டால் குற்ற உணர்ச்சி கொல்கிறது. இரண்டு மாதமாகத் தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. கணவர் நல்லவர், எதற்கும் என்னைத் தடுத்ததே இல்லை. 12 வயது மகள் அதற்கும் மேல். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, என் போனில் வந்திருக்கும் மோசமான கமெண்ட்டுகளை நான் பார்ப்பதற்குள் அழித்துவிடுவாள், அவ்வளவு புரிதல். இவர்களுக்காகவாவது திடமாக இருக்க நினைக்கிறேன், முடியவில்லை. எழுதுவதை விட்டுவிடலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். தூக்கம் போனது, அழுகை வருவது, சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் இந்த வேலையில் இறங்கிய எத்தனையோ பெண்கள் எனக்கு எழுதியதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் காலை நேரம்.

வீட்டில் வேறு யாரும் எழவில்லை. உங்கள் மகள் மட்டும் எழுந்து, சத்தம் வராமல் உங்கள் போனை எடுக்கிறாள். எது மோசமானது, எது இல்லை என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? படித்தால்தானே தெரியும்? உங்கள் உடம்பைப் பற்றியும், உங்களை என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பற்றியும் எவனெவனோ எழுதி வைத்ததை ஒவ்வொரு வரியாகப் படித்து, புரிந்துகொண்டு, அப்புறம்தான் அழிக்கிறாள். அழித்துவிட்டுப் பல் துலக்கப் போகிறாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம். இதற்குத்தான் நீங்கள் புரிதல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்படி உட்கார்ந்து வடிகட்டுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? ஃபேஸ்புக்குக்காக அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர்கள், நாள் முழுக்க அதையே பார்த்து மனநலம் கெட்டுப்போனது என்று வழக்குப் போட்டார்கள். 2020-ல் அந்த நிறுவனம் 5 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவர்கள் வளர்ந்த மனிதர்கள், பார்த்ததும் முன்பின் தெரியாதவர்களைப் பற்றியதை. உங்கள் பிள்ளை பார்ப்பது தன் அம்மாவைப் பற்றி எழுதியதை. 13 வயது ஆகாதவர்கள் கணக்கே வைத்திருக்கக் கூடாது என்று இந்தத் தளங்களே பெரும்பாலும் விதி வைத்திருக்கின்றன, நீங்கள் 12 வயதில் அவளைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறீர்கள். நான் உட்கார வைக்கவில்லை, அவளாகச் செய்கிறாள் என்பீர்கள். தெரிந்தும் தடுக்கவில்லையே.

இன்னொன்றும் யோசியுங்கள். பெண் என்றால் எல்லாவற்றையும் மனசுக்குள் விழுங்கிக்கொண்டு வீட்டில் மற்றவர்களை நிம்மதியாக வைத்திருக்க வேண்டும் என்கிற பழைய பாடத்தைத்தானே 9 வருடமாக எதிர்த்து எழுதுகிறீர்கள்? அதே பாடத்தை உங்கள் மகள் உங்கள் போனிலேயே படித்துக்கொண்டிருக்கிறாள். நன்றாகவே படித்துவிட்டாள்.

குடும்பத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளியிலிருந்து வருகிற அடியைப் பெரியவர்கள்தான் வாங்க வேண்டும், அது பிள்ளைகள் வரைக்கும் போகக் கூடாது. நமக்கு வயதாகி நடக்க முடியாமல் போகும் காலத்தில் அவர்கள் நம்மைத் தாங்கட்டும், அது அவர்கள் கடமை என்றுகூடச் சொல்வேன். 12 வயதில் அந்தக் கடமை கிடையாது.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். தடுத்ததே இல்லை என்கிறீர்கள். வாசலில் நிற்கிற மரமும்தான் உங்களைத் தடுக்கவில்லை. மிரட்டல் வருகிற வீட்டில் ஒரு சின்னப் பெண் விடியற்காலையில் எழுந்து வேலை பார்க்கிறாள், அந்த ஆள் எங்கே இருக்கிறார்? அவர் மேல் எனக்குப் பகை இல்லை, நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் இனிமேல் அந்தப் போனைப் பார்ப்பது அவர் வேலை. சும்மா அழிப்பதும் இல்லை. அழித்தால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும். கொலை மிரட்டல் எதுவானாலும் தேதி, நேரம், எழுதியவரின் கணக்கு, அந்தப் பதிவின் இணைப்பு எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுத்தான் மறைக்க வேண்டும். போலீசில் புகார் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். இத்தனை நாளாக உங்கள் மகள் அன்பினால் அழித்ததில் எத்தனை ஆதாரம் போனதோ. வசவுச் சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவை வருகிற கமெண்ட்டைத் தானாக மறைக்கிற வசதியும் இருக்கிறது, அதையும் அவரே உட்கார்ந்து செய்யட்டும்.

எழுதுவதை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது விடாதீர்கள். இன்றைக்கு விட்டால், தன்னால்தான் அம்மா விட்டுவிட்டாள் என்று அந்தப் பிள்ளை நினைப்பாள், அதுவும் அவள் தலையில்தான் ஏறும். ஆனால் 2 மணி வரை விழித்திருப்பது நிற்க வேண்டும். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலகம், சமையல், பிள்ளைகள் என்று அத்தனையையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பெண்கள் விடுமுறை நாள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. ஒரு பெண் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்திருந்தால் அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டியதுதான். உங்களைப் போல எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு முறை வைத்துப் பதில் சொல்லுங்கள். ராத்திரி வருகிறவர்களுக்கு அவசர உதவி எண்ணும், காலையில் பேசலாம் என்கிற ஒரு வரியும் தானாகப் போகட்டும். இரண்டு மாதத் தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பாருங்கள், அதை என்னிடம் கேட்காதீர்கள்.

இவையெல்லாம் நாளைக்கு. இன்று ராத்திரியே போனின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். என் செல்லம், எனக்காக எவ்வளவு செய்கிறாய் என்று பாராட்டாதீர்கள், பாராட்டினால் நாளைக்கும் எழுந்திருப்பாள். என்னென்ன படித்தாய் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல், அழாமல், கடைசி வரை கேளுங்கள். அப்புறம், இது உன் வேலை இல்லை, இனிமேல் நீ பார்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். உடனே அவள், அப்போ யாரும்மா பார்ப்பாங்க என்று கேட்பாள். அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள், அதற்கு அவர் பதில் சொல்லட்டும்.