முழங்கால் தேய்மானம்: வலியும் தடுமாற்றமும் – பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. முட்டி தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நடந்தால் இன்னும் தேயாதா?

பதில்: அளவான நடையால் தேயாது. வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டால்தான் தொடையின் முன்பக்கத் தசை மெலிந்து, பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். நடந்தபின் வரும் வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டாமல், 24 மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்கவில்லையா, மறுநாள் தூரத்தைக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.

கேள்வி: தினமும் கிளினிக்கில் கரண்ட் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய வலிதான்.

பதில்: படுத்துக்கொண்டு வாங்கும் சிகிச்சையால் தசைக்கு பலம் வராது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2022 வழிகாட்டுதலில் டென்ஸ் (தோல்மீது மெல்லிய கரண்ட் வைப்பது), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை) சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த நேரத்தில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், 10 முறை. முடியாவிட்டால் தலையணை போட்டு உயரமாக்கி, பலம் கூடக்கூட எடுத்துவிடுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பலரும் இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறார்கள்!

கேள்வி: அப்பாவுக்கு வலி குறைவு. ஆனால் திடீரென்று முட்டி மடங்கி விழப்போகிறார்.

பதில்: வலியைவிட இதைத்தான் நான் அவசரமாகப் பார்ப்பேன். கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூட்டும் தசையும் மூளைக்குச் சேதி அனுப்பியபடியே இருக்கும். தேய்மானத்தில் அந்த உணர்வு மந்தமாகலாம். தொடையும் பலவீனமானால் சுதாரிப்பதற்குள் கால் மடங்கிவிடும். சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்கப் பழக்குங்கள். அது சுலபமானதும் ஒற்றைக்காலில் 10 விநாடி. பக்கத்தில் ஆள் வேண்டும். பாதம் மரத்துப்போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் காரணம் முட்டியாக இருக்காது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது?

பதில்: வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால்.

கேள்வி: இனி சம்மணம் போடவே கூடாதா?

பதில்: வலி இல்லாவிட்டால் தாராளமாகப் போடலாம். இந்தியன் டாய்லெட்டைத்தான் மாற்றச் சொல்வேன். அங்கிருந்து எழும்போது விழுபவர்கள் உண்டு.

கேள்வி: நேற்றிலிருந்து முட்டி வீங்கிச் சூடாக இருக்கிறது, காய்ச்சலும் உண்டு. பயிற்சி செய்யலாமா?

பதில்: வேண்டாம். மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.