ஏஐ முடிவுக்குக் காரணம் சொல்லும் வேலை: ஷேப் மட்டும் தெரிந்தால் போதுமா?

ஏஐ ஏன் இப்படி முடிவெடுத்தது என்று விளக்கும் வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்களில் பலர் லைம் (2016), ஷேப் (2017) என்ற இரண்டு கருவிகளை இயக்கக் கற்றதோடு நின்றுவிடுகிறார்கள். கற்க வேண்டியவைதான். ஆனால் ஷேப் காட்டுவது, மாடலின் கணிப்பில் எந்தத் தகவலுக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டுமே. அந்தத் தகவல் மாறினால் நிஜத்தில் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கப் பழக்கிய ஒரு மாடல், ஆஸ்துமா இருந்தால் இறப்பு அபாயம் குறைவு என்று கற்றுக்கொண்டது. ரிச் கருவானா குழுவினரின் 2015 ஆய்வுக்கட்டுரையால் பரவலாகத் தெரியவந்த உதாரணம் இது. தரவில் தவறில்லை. ஆஸ்துமா உள்ளவர்களை மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அதனால் பிழைத்தார்கள். மாடலை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் விபரீதம்தான்.

ஒன்றை மாற்றினால் மற்றவை நிஜத்தில் எப்படி மாறும் என்று பார்ப்பது காரண-விளைவு முறை. அது எங்கே வேறுபடுகிறது என்பதைக் காகிதத்தில் போட்டே பார்க்கலாம். கடன் மதிப்பெண் = வருமானம் + 2 × சேமிப்பு; 76 எடுத்தால் கடன். விண்ணப்பித்தவரின் வருமானம் 40, சேமிப்பு 10, ஆக மதிப்பெண் 60. வருமானத்தை மட்டும் தனியாக நகர்த்திப் பார்க்கும் விளக்கம் "இன்னும் 16 வேண்டும்" என்று சொல்லும். ஆனால் வருமானம் கூடினால் சேமிப்பும் கூடும். சேமிப்பு = 0.3 × வருமானம் + தனிநபர் வித்தியாசம் என்று வையுங்கள். முதலில் இவருடைய வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள்: 10 − 12 = −2. அடுத்து வருமானத்தை 50 ஆக்குங்கள். கடைசியாக மீண்டும் கணக்கிட்டால் சேமிப்பு 13, மதிப்பெண் 76. அதாவது 10 கூடினாலே கடன் கிடைக்கும். கணினி அறிஞர் ஜூடியா பேர்ல் வகுத்த கவுன்டர்ஃபேக்சுவல் ("அப்படி இல்லாமல் இப்படி இருந்திருந்தால்?") கணக்கின் மூன்று படிகள் இவைதான். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட அவருக்கு கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2011-க்குக் கிடைத்தது.

படிப்பு வரிசையில் நிகழ்தகவும் ரிக்ரெஷனும் (ஒரு அளவு மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை) முதலில். இவற்றில் ஓட்டை இருந்தால் மேலே எதுவும் நிற்காது. பிறகு காரண வரைபடம், அதாவது எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறிகளால் காட்டும் படம், வரையப் பழகுங்கள். 1986-இல் வெளியான சிறுநீரகக் கல் தரவைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்: மொத்தத்தில் திறந்த அறுவை சிகிச்சை 78%, தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் தோல்வழி அகற்றல் 83% வெற்றி. கல்லின் அளவு வாரியாகப் பிரித்தால் சிறிய கல்லில் 93-க்கு 87, பெரிய கல்லில் 73-க்கு 69 என்று திறந்த அறுவை சிகிச்சையே முந்துகிறது. கடினமான, பெரிய கற்கள் பெரும்பாலும் திறந்த அறுவை சிகிச்சைக்குப் போனதே மொத்தத்தில் அது பின்தங்கக் காரணம். இது ஏன் என்று கருவி இல்லாமல் விளக்க வந்தபிறகு பைத்தான் நிரல்மொழியில் காரண-விளைவு கணக்குகளுக்கான டூ-வொய் (DoWhy) என்ற நிரல் நூலகத்துக்குப் போகலாம். வரைபடம் எழுதுவது, விளைவைத் தரவிலிருந்து கண்டறிய முடியுமா என்று பார்ப்பது, மதிப்பிடுவது, அந்த மதிப்பீட்டை உடைக்க முயல்வது என்று அதில் நான்கு கட்டங்கள். நான்காவதைத்தான் மாணவர்கள் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். நேர்காணலில் துருவுவதும் அங்கேதான்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, கிடைத்த மாறிகளையெல்லாம் ரிக்ரெஷனில் கொட்டுவது. மேலே உள்ள கணக்கில் சேமிப்பையும் நிலையாகப் பிடித்தால், வருமானத்தின் விளைவில் சேமிப்பு வழியாக வரும் பகுதி காணாமல் போகும். இரண்டு காரணங்களின் பொதுவான விளைவை நிலையாகப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம்: இல்லாத தொடர்பு முளைக்கும்.

வேலை தேடும்போது "காசல் ஏஐ" (Causal AI, காரண-விளைவு ஏஐ) என்ற பதவிப் பெயருக்காகக் காத்திருக்காதீர்கள். கடன் அபாய மதிப்பீடு, காப்பீடு, மருந்து ஆய்வு, ஆன்லைன் வணிகச் சோதனைகள் ஆகியவற்றில் டேட்டா சயின்டிஸ்ட் என்ற பெயரிலேயே இந்த வேலை இருக்கும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கணினி அறிவியல் இடம் கிடைக்கவில்லை என்றால் கலங்க வேண்டாம். புள்ளியியல், பொருளியல், நோய்ப்பரவலியல் மூன்றும் இதற்கு நல்ல வாசல்கள். 2021 பொருளியல் நோபலில் பாதி ஆங்ரிஸ்ட், இம்பென்ஸ் இருவருக்கும் காரண-விளைவு ஆய்வுமுறைகளுக்காகவே கிடைத்தது. ஆறு வாரச் சான்றிதழ் வகுப்புக்குப் பெரிய தொகை கட்டுவதற்கு முன், உங்கள் பிள்ளையால் மேலே உள்ள கடன் கணக்கை உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.