பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பது முன்னால் வரும்

வாசகர் கேள்வி – பதில்

*தோட்டத்திலிருந்து வாராவாரம் உரித்த தேங்காய் ஒரு மூட்டை, 20 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு கொடுவாள் எல்லாம் ஏற்றிக்கொண்டு கோவை வருகிறோமுங்க. சின்ன கார். பாதி டிக்கியில், பாதி பின்சீட்டில். இதில் ஆபத்து ஏதும் இருக்குதுங்களா? – பொள்ளாச்சி வாசகர்*

இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதன் மீதாவது மோதினால், முன்பக்கம் நசுங்கி அரை மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். பின்சீட்டுத் தேங்காய்க்கு அது தெரியாது. எதையாவது இடிக்கும்வரை அதே 50 கிலோமீட்டரில் முன்னால் போகும். 32 அடி மரத்திலிருந்து விழுகிற காய் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம் அது. 80 கிலோமீட்டர் என்றால் 82 அடி. அவ்வளவு உயர மரம் உங்கள் தோப்பிலேயே ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

எனவே எல்லாமே டிக்கிக்குப் போகட்டும். மூட்டையின் வாயைக் கட்டி, தரையோடு படுக்கவைத்து, பின்சீட் சாய்வை ஒட்டித் தள்ளிவையுங்கள். நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டால் மூட்டை வேகமெடுத்து வந்து சாய்வை இடிக்கும். ஒட்டியிருந்தால் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். அடுக்கிய சரக்கு, சீட் சாய்வின் உயரத்தைத் தாண்டக் கூடாது. கொடுவாளைச் சாக்கில் சுற்றி, மூட்டைக்கு அடியில், முனை முன்பக்கம் பார்க்காமல் குறுக்குவாக்கில் வையுங்கள்.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: அந்தச் சாய்வின் பூட்டு. மடக்கி நிமிர்த்தியபின் 'டக்' என்று விழாமல் பாதியில் நிற்கும். பல வண்டிகளில் பூட்டு சரியாக விழாவிட்டால் நெம்புகோல் பக்கத்தில் சிவப்பு நிறம் தெரியும். மேல் விளிம்பைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். பின்னால் ஆள் இல்லையென்றாலும் பின்சீட் பெல்ட்டுகளை மாட்டிவிடுங்கள். சாய்வுக்கு அதுவும் ஒரு பிடி.

தண்ணீர் கேன் டிக்கியில் கொள்ளாவிட்டால், முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி இறுக்குங்கள். சீட்டின் மேல் வைத்து பெல்ட் போடுவது கண்ணுக்குத்தான் பாதுகாப்பு. வழுவழுப்பான கேன் பெல்ட்டிலிருந்து நழுவிவிடும்.

பின்கண்ணாடியை ஒட்டி இரண்டு கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் தட்டு, டிக்கியை மறைக்க மட்டும். அதன் மேல் தூக்குப்போசி வைத்தால், அது பின்சீட்டுக்காரர் பிடரியைக் குறிபார்த்து உட்கார்ந்திருக்கிறது.

*திம்பம் மலையில் இறங்கும்போது தண்ணீர் பாட்டில் உருண்டு கணவரின் காலடிக்கு வந்துவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அப்படி வந்தால் என்ன செய்வதுங்க? – சத்தியமங்கலம் வாசகி*

மோதலே இல்லாமல் விபத்தை உண்டாக்கக்கூடிய பொருள் இதுதான். 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மிதிக்க மிதிக்க, சீட்டுக்கு அடியில் கிடப்பது முன்னால்தான் நகரும். நிறைந்த பாட்டில் பிரேக் பெடலுக்குப் பின்னால் சிக்கினால் பெடல் முழுசாக இறங்காது.

ஓட்டுபவர் குனியவே கூடாது. 60 கிலோமீட்டரில் மூன்று நொடி குனிந்தால் 50 மீட்டர் பார்க்காமல் ஓட்டியதாகிறது. கண் ரோட்டிலேயே இருக்க, இடது காலால் பாட்டிலைப் பக்கவாட்டில் தள்ளட்டும். போகவில்லையா, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கட்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். என்ஜினை ஓட்டத்தில் அணைக்கக் கூடாது. ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் உதவியும் போய்விடும்.

பாட்டிலுக்கு இடம் கதவுப் பை. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் எதுவுமே வேண்டாம். செருப்பைக் கழற்றிப் பெடல் பக்கத்தில் விட்டு வெறுங்காலில் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தச் செருப்பும் இதே வேலையைத்தான் செய்யும். கம்பெனி மேட்டின் மேல் இன்னொரு ரப்பர் மேட் போடுவதும் அப்படியே. கொக்கியில் மாட்டாத மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

*டேஷ்போர்டில் பித்தளைப் பிள்ளையார் ஒட்டியிருக்கிறோம். எடுக்கச் சொல்கிறார்கள். – ஈரோடு வாசகர்*

இடம் மாற்றுங்கள். இடதுபக்க டேஷ்போர்டில் 'ஏர்பேக்' என்ற எழுத்து இருந்தால், அந்த மூடி கண் இமைப்பதற்குள் பிளந்து பை வெளியே வரும். மேலே இருக்கும் பித்தளை, முன்சீட்டுக்காரர் முகத்துக்குத்தான் போகும். இரட்டைப் பக்க டேப் சித்திரை வெயிலில் இளகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையே இல்லாத ஸ்டிக்கர் படம் போதும், அதுவும் அந்த மூடியை விட்டுத் தள்ளி. ஆயுத பூஜை எலுமிச்சம்பழத்தையும் பூஜை முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். பெடலடிக்கு உருளத் தோதான வடிவம் அதற்கு.

*பத்து கிலோ குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா? – திருப்பூர் வாசகி*

போதாது. முதல் பதிலில் சொன்ன மோதலில் அந்தப் பத்து கிலோ, ஏறத்தாழ 150 கிலோவாக இழுக்கும். பின்சீட்டில், ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை இருக்கையை மாட்டவென்றே கார் சீட்டில் இருக்கும் இரும்புப் பிடி) மாட்டிய குழந்தை இருக்கைதான் வழி. பின்னால் பெல்ட் போடாத பெரியவரும் கட்டாத சரக்குதான். அபராதம் 1,000 ரூபாய் என்பது அதற்கப்புறம்.

*கேஸ் சிலிண்டரை டிக்கியில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா? – கோபி வாசகர்*

வேண்டாம். 14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்த்து 30 கிலோ, அதுவும் உருளும் வடிவில். வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.